வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாலர் கணக்கு நோட்டைத் திறப்பது எப்படி

வாரம் முழுக்க டாலர் ரூபாய் வாங்கி விற்றவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சந்தை மூடியதும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு, கணக்கு நோட்டைத் திறந்து அந்த வாரத்தைத் திரும்பிப் பார்ப்பது. முக்கால்வாசிப் பேர் அதைச் செய்வதில்லை. லாபம் வந்த வாரம் என்றால் சந்தோஷத்தில் விட்டுவிடுகிறோம், நட்டம் வந்த வாரம் என்றால் அந்த நோட்டைத் தொடவே கை வராது. இரண்டையும் வருஷக்கணக்கில் செய்தவன் என்கிற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம், புதாற்றுப் பாசனத்தில், தென்னை நார்க்கழிவை அலசிக் காயவைத்து ஐந்து கிலோ கட்டியாக அழுத்தித் தூத்துக்குடி வழியாக அனுப்புவது என் தொழில். டாலர் அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பில் டாலரில் வரும், மட்டைக்காரருக்கும் அலசுகிற ஆட்களுக்கும் ரூபாயில் கொடுக்கவேண்டும், நடுவில் அறுபது எழுபது நாள் ஓடிவிடும். அதற்குள் டாலர் இறங்கினால் என் லாபம் அப்படியே கரையும். அதைப் பூட்டி வைக்கத்தான் ஃபியூச்சரில், அதாவது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே ரேட் பேசி வைக்கும் ஒப்பந்தத்தில், விற்க ஆரம்பித்தேன். பூட்டப் போன கை அப்புறம் சும்மா இருக்கவில்லை.

பூட்டவேண்டும் என்ற புத்தி வந்ததே 2013-இல்தான். அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் ரூபாய் 68-ஐத் தாண்டி விழுந்தது. எனக்கு வரவேண்டிய ஐயாயிரம் டாலர் வங்கியில் வெளிநாட்டுப் பணக் கணக்கில் வந்து கிடந்தது. எழுபது நிச்சயம் என்று டீக்கடையில் பேச்சு, நானும் மாற்றாமல் வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் அடுத்த மாதக் கடைசி வரைதான் டாலரை வைத்திருக்க விதி, ஆகவே செப்டம்பர் முடிவில் 62 சொச்சத்துக்கு மாற்றித்தான் ஆகவேண்டியிருந்தது. ஒரு கன்டெய்னரில் முப்பதாயிரம் ரூபாய் வரை போனது. கட்டியில் ஒரு குறையும் இல்லை, வாங்கியவர் முழுப் பணமும் அனுப்பியிருந்தார், என் ஆசைதான் தின்றது.

நோட்டுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நான் பேசுவது தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் நடக்கும் டாலர் ரூபாய் ஃபியூச்சரைப் பற்றி. 2008 ஆகஸ்டு 29 அன்று தொடங்கியது. ஒரு லாட் என்பது 1,000 டாலர், நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை, டாலர் கைமாறுவதே இல்லை, கடைசி நாளில் ரெஃபரன்ஸ் ரேட் என்கிற அன்றைய அதிகாரபூர்வ ரேட்டை வைத்து ரூபாயிலேயே தீர்த்துவிடுவார்கள். ரேட் ஒரு பைசா நகர்ந்தால் ஒரு லாட்டுக்குப் பத்து ரூபாய். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் மற்றதெல்லாம் வாய்க்கணக்காகவே வந்துவிடும்.

முன்பு யார் வேண்டுமானாலும் இதில் விளையாடினார்கள். ரிசர்வ் வங்கியின் 2024 ஜனவரி 5 சுற்றறிக்கை மே 3 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு நிலைமை வேறு. ரூபாய் சம்பந்தப்பட்ட நாணய ஜோடிகளில் வாங்கியோ விற்றோ பொசிஷன் எடுப்பவருக்கு உண்மையான டாலர் வரவோ செலவோ இருக்கவேண்டும். 10 கோடி டாலர் வரை காகிதம் காட்டச் சொல்ல மாட்டார்கள், ஆனால் காட்டத் தேவையில்லை என்பதற்கு இல்லாமலே இருக்கலாம் என்று அர்த்தம் கிடையாது. பல பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கையில் பில் இல்லை, இறக்குமதி இல்லை, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டவேண்டிய டாலர் ஃபீஸ் இல்லை என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள், கீழே எழுதியிருப்பதும் உங்களுக்குப் பயன்படாது.

போன் ஆப்பில் வெளிநாட்டு ஃபாரெக்ஸ் என்று வருகிறதே, அது இதைவிட மோசம். என் அக்கா மகன் போன வருஷம் வந்து நின்றான். "மாமா, நூறு டாலர் போட்டா ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கலாம், ஐந்நூறு மடங்கு தர்றான்" என்றான். "மாப்ள, பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்பின?" என்று மட்டும் கேட்டேன். யாரோ ஒரு தனி ஆளின் யுபிஐ. அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. இரண்டு வாரம் திரையில் லாபமாகக் காட்டியது, எடுக்கப் போனபோது முதலில் வரி கட்டு என்று இன்னும் பணம் கேட்டான். அனுமதி பெற்ற இந்தியச் சந்தைக்கு வெளியே இப்படி ஃபாரெக்ஸ் செய்வது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தப்பு, மாட்டினால் செய்தவர் மேலும்தான் நடவடிக்கை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து இந்த மாதிரித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லாததாலேயே ஒரு தளம் நல்லது ஆகிவிடாது, அதையும் ரிசர்வ் வங்கியே சொல்கிறது.

சரி, நோட்டு.

எக்செல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குக் கையால் எழுதினால்தான் உறைக்கிறது. மட்டை வரவு எழுதும் அதே நீள நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து டாலர் கணக்கு. ஒரு பக்கம் ஒரு வாரம். ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், எத்தனை லாட், வாங்கினேனா விற்றேனா, ரேட். அடுத்து "எதற்கு" என்று ஒரு கட்டம். அதை ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே நிரப்பவேண்டும். பிறகு எழுதினால் அது காரணமாக இருக்காது, சமாதானமாகத்தான் இருக்கும். கடைசியில் இரண்டு சின்னக் கட்டங்கள், அவற்றை வெள்ளிக்கிழமை வரை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை முதல் வேலை, புரோக்கர் மின்னஞ்சலில் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டை, அதாவது வாங்கி விற்றதற்கான சீட்டை, எடுத்து வரிவரியாக நம் நோட்டோடு ஒப்பிடுவது. ஆப் திரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும் எண்ணை வைத்துக் கணக்கு முடிக்காதீர்கள். ஃபியூச்சரில் ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்றைய ஏற்ற இறக்கத்தைப் பணமாகவே கணக்கில் வரவு பற்று வைத்துவிடுவார்கள், எம்டிஎம் என்பது அதுதான். ஆகவே திங்கள் விற்றதற்குப் புதன்கிழமை திரை காட்டும் நட்டமும் லெட்ஜரில், அதாவது புரோக்கரிடம் உள்ள உங்கள் வரவு பற்றுக் கணக்கில், ஏற்கெனவே போய்விட்ட பணமும் ஒன்றாக இருக்காது. லெட்ஜரில் திங்கள் காலை இருப்பையும் வெள்ளி மாலை இருப்பையும் எழுதி, இடையில் நீங்கள் போட்ட எடுத்த பணத்தைக் கழியுங்கள். அந்த எண்தான் வாரம்.

இன்னொரு குழப்பமும் புதிதாக வருபவர்களுக்கு உண்டு. உதாரணத்துக்கு, டிவியில் 85.00 என்று ஓடும், ஃபியூச்சரில் 85.15 என்று இருக்கும், ஏதோ இலவசமாகப் பதினைந்து பைசா கிடைப்பதாக நினைத்து விற்பார்கள், அல்லது ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பார்கள். இரண்டும் இல்லை. ரூபாய் வட்டிக்கும் டாலர் வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பிரீமியம். தேதி நெருங்க நெருங்க அது வற்றி, எக்ஸ்பைரி என்கிற கடைசி நாளன்று இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். ஏற்றுமதி செய்து விற்பவனுக்கு இது சாதகம், வாங்கி வைத்திருப்பவருக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். வாரக்கணக்கில் இந்த ஒழுக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், ரேட் நகரவே இல்லையே, ஏன் பணம் குறைந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இப்போது முக்கியமான வேலை. வாரத்தின் எல்லா வரிகளையும் இரண்டு குவியலாகப் பிரிக்கவேண்டும். ஒன்று பில்லுக்காகச் செய்தது, மற்றொன்று ஆசைக்காகச் செய்தது. என் நோட்டில் "பி" என்றும் "ஆ" என்றும் எழுதுகிறேன். நடுவில் மூன்றாவது எழுத்து கிடையாது. மூன்றாவது ஒன்று வேண்டும் என்று தோன்றினால் அது "ஆ"தான்.

இப்போது முடிந்த வாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக 85 ரூபாய் அருகில் மாற்றி வட்டமாக்கியிருக்கிறேன், இடைவெளிகள் உண்மை.

இரண்டு கன்டெய்னர் போகிறது, ஒன்று ஆறாயிரம் டாலர் வீதம் பன்னிரண்டாயிரம். திங்கட்கிழமை காலை 12 லாட் 85.20-க்கு விற்றேன். "எதற்கு" கட்டத்தில் இரண்டு பில்லின் எண்களும் இருக்கின்றன. இது பி. செவ்வாய் 85.38 வரை ஏறியது, 18 பைசா, 2,160 ரூபாய் கணக்கிலிருந்து போனது. போனது என்று எழுதுகிறேன், ஆனால் அதே நேரம் வரப்போகிற பன்னிரண்டாயிரம் டாலரின் மதிப்பும் அதே 2,160 ரூபாய் ஏறியிருக்கிறது. புத்திக்கு இது தெரியும். கண்ணுக்குத் தெரிவது சிவப்பு எண் மட்டும், ஏனென்றால் பில்லின் லாபத்துக்குத் திரை கிடையாது, அது தூத்துக்குடிக்குப் போகிற லாரியில் இருக்கிறது.

புதன்கிழமை மூன்று மணி இருக்கும். களத்தில் லாரி நிற்கிறது, கட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், டிரைவர் எடைச் சீட்டுக்கு அவசரப்படுத்துகிறார். அலசிய நார்க்கழிவில் உப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஈசி மீட்டர் என் ஒரு கையில், போன் மறு கையில். விரலெல்லாம் ஈரத் தூள், திரையைத் தொட்ட இடமெல்லாம் பழுப்பாக ஒட்டுகிறது, சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடுகிறேன். 85.40. முந்தின நாள் போன 2,160 உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் எட்டு லாட் விற்றால் சராசரி மேலே வரும், திரும்பி விழும்போது சேர்த்து எடுத்துவிடலாம். மூன்றாவது கன்டெய்னருக்கு வாங்குபவர் அடுத்த வாரம் ஆர்டர் அனுப்புகிறேன் என்று போனில் சொல்லியிருந்தார், அதை வைத்து மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். விற்றாயிற்று. நோட்டு ஆபீஸ் மேசையில் இருந்தது, சாயங்காலம் போய் தேதி, லாட், ரேட் எல்லாம் எழுதினேன். "எதற்கு" கட்டம் இன்றைக்கும் காலி.

வியாழன் 85.62. எட்டு லாட்டில் 22 பைசா, 1,760 ரூபாய். பன்னிரண்டையும் சேர்த்தால் திரையில் 6,800 சிவப்பு. எட்டை மட்டும் திரும்ப வாங்கி வெட்டினேன். வெள்ளிக்கிழமை ரேட் தடதடவென்று இறங்கி 85.28-இல் மூடியது.

இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். 85.20-இல் பன்னிரண்டு, 85.40-இல் எட்டு, மொத்த சராசரி எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 85.28. அதாவது வியாழக்கிழமை வெட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் வெள்ளி மாலை இருபது லாட்டும் சரிக்குச் சரி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு எழுந்த முதல் எண்ணம், சே, அவசரப்பட்டு வெட்டிவிட்டோமே. அந்த எண்ணத்தை அப்படியே நோட்டில் பாடமாக எழுதியிருந்தால் அடுத்த தடவை வெட்ட மாட்டேன், அதற்கு அடுத்த தடவை இரண்டு ரூபாய் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். தப்பு நடந்தது வியாழக்கிழமை இல்லை, புதன்கிழமை மூன்று மணிக்கு. வெட்டியது சரியான வேலை, கூலி மட்டும் தப்பாகக் கிடைத்தது.

அதனால்தான் கடைசியில் அந்த இரண்டு சின்னக் கட்டம். ஒன்றில் லாபம் அல்லது நட்டம். அடுத்ததில் சரி அல்லது தப்பு. இரண்டாவதை நிரப்பும்போது முதலாவதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் உண்மையாகவே எடைச் சீட்டு ஒன்றை மேலே வைத்து மறைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்து, எழுதிய காரணத்தோடு, அளவு மீறாமல் செய்தேனா என்று மட்டும் பார்த்து சரி, தப்பு போடவேண்டும். திங்கள் விற்றது: நட்டம், சரி. புதன் விற்றது: நட்டம், தப்பு. வியாழன் வெட்டியது: நட்டம், சரி.

இதில் நான்காவது வகை ஒன்று இருக்கிறது, லாபம் ஆனால் தப்பு. அதுதான் ஆளைக் கெடுப்பது. நோட்டை மூன்று வாரம் பின்னால் புரட்டினேன், அங்கே இருந்தது. ஆறு லாட், காரணம் இல்லை, 40 பைசா லாபம், 2,400 ரூபாய், பக்கத்தில் நானே சந்தோஷத்தில் ஒரு டிக் வேறு போட்டிருக்கிறேன். புதன்கிழமை எட்டு லாட்டுக்கு விதை அங்கே விழுந்திருக்கிறது. நாற்றங்காலில் நெல்லும் குதிரைவாலிக் களையும் இளசில் ஒன்று போலத்தான் இருக்கும், அப்பா குனிந்து அடித்தண்டைப் பார்த்துப் பிடுங்குவார். நான் பச்சையாக இருந்ததை எல்லாம் பயிர் என்று விட்டுவிட்டேன். ஆகவே வாரப் பக்கத்தை முடித்த கையோடு நான்கு பக்கம் பின்னால் புரட்டி "லாபம், தப்பு" எத்தனை என்று எண்ணிவிடுவது நல்லது.

"ஆ" குவியலைப் பற்றி இன்னொன்று. எனக்கு அது ஆசை மட்டும் இல்லை, விதிக்கும் வெளியே. போனில் சொன்ன ஆர்டர் ஒப்பந்தம் ஆகாது. பில்லுக்கு மேலே எடுத்த எட்டு லாட்டுக்குப் பின்னால் எந்த டாலரும் இல்லை. இதை எழுதிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

செலவுக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். கரன்சி ஃபியூச்சருக்கு எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி கிடையாது, அது ஒரு நிம்மதி. ஆனால் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் என்று வாங்கும் புரோக்கரிடம் ஒரே ஒரு லாட் வாங்கி விற்றால் இருபதும் இருபதும் நாற்பது, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 47 ரூபாய் 20 பைசா, மற்ற சில்லறைக் கட்டணம் தனி. ஒரு பைசாவுக்குப் பத்து ரூபாய் என்ற கணக்கில் ஏறக்குறைய ஐந்து பைசா நகர்ந்தால்தான் நமக்கு முதல் கிடைக்கும். டாலர் ரூபாய் சில நாட்களில் காலையிலிருந்து மாலை வரை மொத்தமே பத்து பைசாவுக்குள் சுற்றிவிட்டுப் படுத்துவிடும். ஒற்றை லாட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை உள்ளே வெளியே போகிறவர் யாருக்கு உழைக்கிறார் என்பதை வாரத்துக்கு ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும். 12 லாட் ஒரே ஆர்டரில் போட்டால் அதே செலவு அரை பைசாகூட வராது.

அப்புறம் "வெளியே என்ன நடந்தது" என்று பக்கத்தின் கீழே நாலு வரி. இதில் நிறையப் பேர் அதிக நேரம் செலவழிக்கிறார்கள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12 அன்று ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் படம் வரும், கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள், அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் மேலே உள்ளவர்கள் நாற்று விட்டிருப்பார்கள். சந்தைச் செய்தியும் அப்படித்தான், என் போனுக்கு வரும்போது பெரிய வங்கிகளின் டீலர்கள் அதை வைத்து வாங்கி விற்று முடித்திருப்பார்கள். ஆகவே செய்தியைப் பார்த்து ஓட வேண்டாம், வாரம் முடிந்தபின் ரேட் ஏன் நகர்ந்தது என்று புரிந்துகொள்ள மட்டும் எழுதுங்கள்.

நான் எழுதுவது இவ்வளவுதான். கச்சா எண்ணெய் ஏறியதா இறங்கியதா, ஏனென்றால் நமக்கு வேண்டிய எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, அதற்கெல்லாம் டாலர்தான் கொடுக்கவேண்டும், மாதக் கடைசியில் அந்த வாங்கல் கூடும். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குச் சந்தையில் வாங்கினார்களா விற்றார்களா. மற்ற சில பெரிய நாணயங்களோடு டாலரை ஒப்பிடும் டாலர் இண்டெக்ஸ் எங்கே நிற்கிறது. இண்டெக்ஸைப் பார்த்து மட்டும் ரூபாயைக் கணிக்கப் போகாதீர்கள், அதில் 57.6 சதவீதம் யூரோ, ரூபாய் அதில் இல்லவே இல்லை. நடுவில் ரிசர்வ் வங்கி வேறு நிற்கிறது, பொதுத்துறை வங்கிகள் வழியாக டாலரை விற்றோ வாங்கியோ வேகத்தைக் குறைக்கும். வெள்ளிக்கிழமை மாலை வரும் அந்நியச் செலாவணிக் கையிருப்புக் கணக்கையும் குறித்துக்கொள்கிறேன். அது முந்தின வாரத்தின் கணக்கு, தவிரவும் யூரோ, தங்கம் விலை மாறினாலே கையிருப்பு எண்ணும் மாறும், கையிருப்பு குறைந்துவிட்டது, ஆகவே அவ்வளவு டாலரையும் விற்றிருக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்டக்கூடாது.

மாதத்தின் முதல் வெள்ளி என்றால் கூடுதல் கவனம். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் அன்றைக்குத்தான் வரும், நம் நேரப்படி கோடையில் மாலை 6 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 7 மணி. நம் டாலர் ரூபாய்ச் சந்தை ஐந்துக்கே மூடிவிடுகிறது. ஆகவே அன்று "ஆ" லாட் எதையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் திங்கள் காலை 9 மணி வரை கட்டிப்போட்ட மாடு மாதிரி பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். ஸ்டாப் லாஸ், அதாவது இந்த ரேட் வந்தால் தானே வெட்டிவிடு என்ற ஆர்டர், போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள், முதல் ரேட்டே அதைத் தாண்டித் திறந்தால் நீங்கள் எழுதிய இடத்தில் அது வெட்டாது.

கடைசியாக அடுத்த வாரத்துக்கான பக்கம். தேதி போட்டு, முதலில் எக்ஸ்பைரி எப்போது என்று எழுதுங்கள். மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்னால், அன்றைக்குப் பகல் 12.30-க்கே நிறுத்திவிடுவார்கள். பில் பணம் அதற்குள் வராது என்று தெரிந்தால் இந்த மாத லாட்டை வாங்கி மூடி, அடுத்த மாதத்தில் விற்று ரோல் செய்யவேண்டும். கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். 2024-க்குப் பிறகு கூட்டம் குறைந்துபோனதால் தூரத்து மாதங்களில் வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் இடைவெளி அதிகம், கிடைக்கிற ரேட்டுக்கு என்று மார்க்கெட் ஆர்டர் போட்டால் நாலைந்து பைசா கண்ணெதிரே போய்விடும். இந்த ரேட்டுக்குத்தான் என்று லிமிட் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருங்கள், களத்தில் வேறு வேலை எதுவும் இல்லையா என்ன.

பில் பணம் வங்கிக்கு வரும் வாரமாக இருந்தால் அதையும் குறித்துவைத்து, வங்கி எந்த ரேட்டில் மாற்றியது என்று கேட்டு எழுதுங்கள். பல வருஷம் நான் அதைக் கேட்டதே இல்லை. ஃபியூச்சரில் ரெண்டு பைசாவுக்கு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பேன், வங்கி டாலருக்கு நாற்பது பைசா பிடித்துக்கொண்டு வரவு வைத்திருக்கும், அதைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன். பன்னிரண்டாயிரம் டாலருக்கு நாற்பது பைசா என்றால் 4,800 ரூபாய், புதன்கிழமை முட்டாள்தனத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். மேலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினால் குறைப்பார்கள். கிளியரிங் கார்ப்பரேஷனின் எஃப்எக்ஸ் ரீடெயில் தளம் 2019-லிருந்து இருக்கிறது, வங்கி மூலம் அதில் பதிந்துகொண்டால் சந்தை ரேட்டைப் பார்த்தே விற்கலாம், வங்கியின் கட்டணம் தனியாகத் தெரியும். சின்ன ஏற்றுமதியாளர்கள் இதைத்தான் முதலில் செய்யவேண்டும், ஃபியூச்சர் எல்லாம் அப்புறம்.

மொத்தத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். நான் மில் ஆட்களுக்கு வாரக் கூலி கொடுத்து முடித்தபின் உட்காருகிறேன், ஐந்தரை மணியிலிருந்து ஆறரை. போனைக் கட்டில் மேல் கவிழ்த்துவிட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். வீட்டில் கேட்பார்கள், இந்த வாரம் எப்படி என்று. இந்த வாரம் பதில், பில்லில் பூட்டியது 960 ரூபாய் நட்டம், அது பில்லோடு நேராகிவிடும், ஆசையில் 1,760 நட்டம், அது நேராகாது.

அடுத்த வாரப் பக்கத்தில் இப்போது இருப்பது மூன்று வரிதான். 12 லாட் அப்படியே. மூன்றாவது கன்டெய்னர் ஆர்டர் கையெழுத்தாகி வந்தால் 6 லாட், வராவிட்டால் ஒன்றும் இல்லை. லாரி ஏற்றும்போது போன் ஆபீஸ் மேசையில், நோட்டுக்குப் பக்கத்தில்.